தொடக்கூடாத ஐந்து திருகுகள்

காலையில் எழுந்ததும் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் ரொட்டிக்காரன் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவான். நான்கு பாண்டெசால் ரொட்டி வாங்குவேன். இரண்டைக் காப்பியில் நனைத்துத் தின்பேன். மற்ற இரண்டும் மதியம் வரை மேசையில் கிடந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போகும். இரண்டு மட்டும் வாங்கினால் போதாதா என்று ரொட்டிக்காரன் ஒருமுறை கேட்டான். மறுநாளும் நான்கு வாங்கினேன்.

காப்பி முடிந்ததும் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் மேல் போர்த்திய துணியை எடுப்பேன். அதில் இரண்டு சுவிட்சுகள். முதலாவதைப் போட்டால் உள்ளே கண்ணாடி வால்வுகள் சூடாகத் தொடங்கும். அவை கனிந்து சிவக்கும் வரை காத்திருந்துதான் இரண்டாவதைப் போட வேண்டும். அவசரப்பட்டால் வால்வின் ஆயுள் குறையும். காத்திருக்கும் நேரத்தில் ஓர் ஓவியத் தூரிகையால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளைச் சுற்றித் தூசி தட்டுவேன். துணியால் துடைப்பதில்லை. துணி திருகை நகர்த்திவிடும். பிறகு இரண்டாவது சுவிட்ச். ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் எழும். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டு, அணைத்துவிட்டு, மின்கூட்டுறவு அலுவலகத்துக்கு வேலைக்குப் போவேன்.

திருவிழா நாளில் நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னீர்கள், கேப்டன், ஊர்த் தலைவராக அதை எழுதிக்கொள்ளப் பேனாவும் எடுத்துவிட்டீர்கள். காலையிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை அந்த ஆம்பை என் மனைவி டாலிசாயின் கல்லறைக்குள் வைத்துச் சிமெண்ட் பூசப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் மாமியார் நானாய் செலிங் அழுதுகொண்டு கேட்டாராம். நீங்களும் பாதிரியாரும் சம்மதித்துவிட்டீர்களாம். அதை நிறுத்தத்தான் வந்திருக்கிறேன். ஆம்ப் எந்தத் தவறும் செய்யவில்லை. டாலிசாயும் செய்யவில்லை.

டாலிசாய் வாசித்து நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகளின் ஞானஸ்நான விருந்துக்கு எங்கள் குழுதான் வந்தது. ரமில் கிட்டார் வாசித்துக்கொண்டு பாடினான், ஜுன்ஜுன் டிரம்ஸ், அவள் பேஸ் கிட்டார். நான் மின்சாரம். ஒயர் போடுவது, பிளக் செருகுவது, ஆம்பைத் தூக்குவது. அது ஒரு வளர்ந்த பன்றியின் எடை இருக்கும். ஒலொங்காப்போ துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இருந்த காலத்தில் ஒரு மதுக்கூடத்தில் இருந்தது. கப்பல்கள் போய் மதுக்கூடம் மூடியபோது அங்கே வாசித்துக்கொண்டிருந்த அவள் அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் அதன் நிழலில் வளர்ந்தவள்.

அதில் ஐந்து திருகுகள். கெயின், பேஸ், மிட், ட்ரெபிள், மாஸ்டர். கிட்டாரிலிருந்து வரும் ஒலியை முதல் வால்வுக்குள் எவ்வளவு விடுகிறோம் என்பது கெயின். கடைசியில் எவ்வளவு வெளியே விடுகிறோம் என்பது மாஸ்டர். நடுவில் உள்ள மூன்றும் அடித்தொனி, நடுத்தொனி, உச்சத்தொனி. கெயினை ஏற்றி மாஸ்டரை இறக்கினால் ஒலி உள்ளேயே நெரிந்து கரகரக்கும். கெயினை இறக்கி மாஸ்டரை ஏற்றினால் சுத்தமாக, உரக்க வரும். இதற்கு மேல் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நான் மணிலாவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். எந்தக் கருவிக்கும் சரியான வைப்பு ஒன்று உண்டு என்று நினைப்பவன். அவள் அப்படியில்லை. ஒரு மண்டபத்துக்குப் போனதும் முதலில் கூரையைப் பார்ப்பாள். தகரம் என்றால் பேஸ் திருகைக் குறைப்பாள், இல்லாவிட்டால் கூரையும் கூட வாசிக்கும் என்பாள். திறந்தவெளி என்றால் மிட்டை ஏற்றுவாள், கடைசி வரிசை வரை நடந்துபோகிற கால் அதற்குத்தான் உண்டு என்பாள். கெயினை எப்போதும் கடைசியில்தான் தொடுவாள். தடித்த தந்தியை ஓங்கி அடித்துக்கொண்டே, ஒலி உறுமத் தொடங்கும் வரை ஏற்றி, பிறகு ஒரு மயிரிழை இறக்குவாள். சோறு பொங்கும்போது தீயைத் தணிப்பது போல. அடுத்த பாட்டுக்கு மறுபடி மாற்றுவாள்.

சரியான இடங்களில் நகப்பூச்சால் புள்ளி வைத்துக் கொடுக்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.

"சனங்க வந்து உக்காந்தாலே சத்தம் மாறிப்போகுது, எஃப்ரன். நீ பொட்டு வெச்சுட்டா அப்புறம் எனக்குக் காது எதுக்கு? தோடு மாட்டவா?" என்றாள்.

ஜுன்ஜுன் ரொம்ப நேரம் சிரித்தான். எனக்கு அது அவ்வளவு வேடிக்கையாகப் படவில்லை.

மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் வாசித்தாள். அடுத்த வாரம் சவப்பெட்டி எங்கள் முன்னறையில் இருந்தது. அதன் தலைமாட்டில் ஆம்ப். அவள் தங்கை அதன் மேல் மெழுகுவத்தி வைத்திருந்தாள். வந்தவர்கள் சாவு வீட்டு வழக்கப்படி பிஸ்கட் தின்றுகொண்டு சீட்டாடினார்கள். ரமில் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளா, எஃப்ரன்?"

அறை முழுவதும் ஆட்டத்தை நிறுத்தியது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் சாகிறவர் சொல்லிவிட்டுப் போவது சட்டம். மாங் தோனியோ கடைசியாக "வாத்து" என்று சொன்னார். தின்னக் கேட்டாரா, சன்னல் வழியே ஒன்றைப் பார்த்தாரா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குடும்பம் இன்றைக்கும் வாத்து வளர்க்கிறது. மூத்த மருமகளுக்கு இறகு ஒத்துக்கொள்ளாது, கண் வீங்கிவிடும். இருந்தும் வளர்க்கிறார்கள்.

"திருகைத் தொடக்கூடாது, அப்படியே இருக்கட்டும்" என்று சொன்னாள் என்றேன்.

நானாய் செலிங் பெருங்குரலெடுத்து அழுதார். ரமில் ஆம்புக்கு முன் மண்டியிட்டு ஐந்து திருகுகளையும் பார்த்தான். கெயின் கடைசி வரை ஏறியிருந்தது. பேஸ் பூச்சியம். மிட் பூச்சியம். ட்ரெபிள் கடைசி வரை. மாஸ்டர் திறந்தும் திறக்காமலும் இருந்தது.

"இப்படியேவா?" என்றான்.

"இப்படியே."

புதிதாக வாசிக்க நெஸ்டரைப் பிடித்தார்கள். டிரைசைக்கிள் ஓட்டுகிறவன், கோயிலில் பாட்டுக்குழுவோடு வாசித்துப் பழகியவன், நல்ல பையன். புதிதாகக் கல்யாணம் ஆனவன். முதல் ஒத்திகையில் தந்தியை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, அண்ணன் முறையில் என்னைக் கூப்பிட்டான்.

"கூயா எஃப்ரன், இது ஓடுதா?"

"ஓடுதே. தகரத்துக்குள்ள வண்டு மாட்டின மாதிரி ஒண்ணு கேக்குதில்ல? அதான் நீ" என்றான் ஜுன்ஜுன்.

"கொஞ்சம் ஏத்திக்கட்டுமா?"

"செத்தவ கேட்டது, தம்பி. கைய எடு" என்றான் ரமில்.

கையை எடுத்துவிட்டான். எல்லோரும் உண்மையிலேயே நல்லவர்கள். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் திருகை ஏற்ற முடியாது என்பதால் மற்றவர்கள் இறங்க வேண்டியிருந்தது. ஜுன்ஜுன் குச்சிகளுக்குத் துணி சுற்றினான். அதுவும் அதிகமாக இருந்தது. பிறகு வீடு பெருக்கும் மெல்லிய புல் துடைப்பம் இரண்டை வாங்கி, காம்பை வெட்டி, அவற்றால் வாசித்தான். டிரம்ஸ் சுத்தமாக இருந்தது. ரமில் தன் கிட்டாருக்கு மின்சாரம் வேண்டாம் என்றான். பாட்டை முணுமுணுப்பாகப் பாடக் கற்றுக்கொண்டான். காது வைத்துக் கேட்டால் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கல்யாணங்களில் யாரும் காது வைப்பதில்லை. ஒரு மணப்பெண் எங்களைப் பார்த்து அழுதாள். டாலிசாயை நினைத்து அழுகிறாள் என்று ரமில் சொன்னான். அவள் அப்பா பாதியிலேயே கராவொக்கே எந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

கல்யாண வாய்ப்புகள் நின்றன. சாவு வீடுகள் மட்டும் கூப்பிட்டன. அங்கே நாங்கள் பொருத்தமாக இருந்தோம்.

நெஸ்டர் பாதிரியாரிடம் போய்ச் சந்தேகம் கேட்டிருக்கிறான். கையால் தொடாமல் குச்சியால் தள்ளினால் அது தொட்டதாகுமா என்று. இறந்தவளின் நோக்கம்தான் முக்கியம், அது கணவனுக்குத்தான் தெரியும் என்று பாதிரியார் சொல்லியனுப்பினார். என்னிடம் வந்தான்.

"கூயா, கிட்டார்ல இருக்கிற திருகையாச்சும் திருப்பிக்கலாமா? அது அவங்களோடது இல்ல, என்னோடது."

யோசித்தேன். திருகு என்றுதான் சொன்னாள், யாருடைய திருகு என்று சொல்லவில்லை என்றேன். அவன் தலையாட்டினான். போகும்போது, "மனசு கஷ்டப்படுத்திட்டேனா? மன்னிச்சிருங்க" என்றான்.

ஆம்பை டிரைசைக்கிளில் ஏற்றிப் போகும்போது பாதைக் குலுக்கலில் திருகுகள் அசைந்துவிடக்கூடும் என்று எனக்குப் பயம் இருந்தது. படகு ஒட்டும் பசையை வாங்கிவந்து ஐந்துக்கும் அடியில் ஊற்றினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. அது வாசிப்பதற்கான வைப்பே அல்ல. காய்ச்சல் வந்த அன்று காலையில் ஆம்பில் ஏதோ பொரிகிற சத்தம் வந்தது. எந்த வால்வு கெட்டுப்போயிருக்கிறது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். பொரியல் நன்றாகக் கேட்கக் கெயினையும் ட்ரெபிளையும் முழுக்க ஏற்றினாள். ஆம்பின் முனகல் அதை மறைக்காமலிருக்க பேஸையும் மிட்டையும் இறக்கினாள். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கியதால் மாஸ்டரைக் கொஞ்சமாகத் திறந்தாள். பின்பக்கம் குனிந்து பென்சிலால் ஒவ்வொரு வால்வாகத் தட்டினாள். பிறகு தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டாள். ஆக, அந்த ஓராண்டும் ரமிலின் குழு ஊர் ஊராக வாசித்தது ஒரு பழுது பார்க்கும் வைப்பில். எனக்கு இது தெரியும். படித்திருக்கிறேன்.

தெரிந்தும் ஏன் என்று உங்கள் முகம் கேட்கிறது. அந்த வீட்டில் அவள் கடைசியாகத் தொட்டு அப்படியே நின்றிருந்தது அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் வந்தவர்கள் துவைத்து மடித்து வைத்துவிட்டார்கள்.

திருவிழாவுக்கு நீங்கள் எங்களைத்தான் கூப்பிட்டீர்கள். இந்த முறையும் முணுமுணுத்தால் அடுத்த ஆண்டு வேறு ஊர்க் குழு என்று ரமிலிடம் சொல்லியிருந்தீர்கள். அது நியாயம். நெஸ்டரின் மனைவி மாசமாக இருக்கிறாள், குழு கலைந்தால் குழந்தைச் செலவுக்குப் பணம் இருக்காது என்று ஜுன்ஜுன் என்னிடம் வந்து சொன்னான். அதுவும் நியாயம். நான் என்ன செய்ய முடியும், இறந்தவள் கேட்டது என்றேன்.

சதுக்கத்தில் பகல் விருந்து. மேடைக்குக் கீழே நீள மேசை, அதன் நடுவில் உங்கள் வீட்டுப் பன்றி முழுசாகச் சுட்டு வாழையிலையில் கிடந்தது. நான் மேடை ஓரத்தில் மின்பலகையருகே நின்றேன். முதல் பாட்டின் முதல் அடி விழுந்தது.

உங்களுக்கு அது நினைவிருக்கும். மேடைப் பலகை என் செருப்புக்கடியில் அதிர்ந்தது. நான் ஒயர் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நெஸ்டர் சைக்கிள் கம்பியை வைத்துப் பசையைக் கீறி எடுத்திருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வெட்டவெளிக்கு மிட்டை ஏற்றியிருந்தான். பேஸைக் கோயில் சுவர் திருப்பி அடிக்காத அளவுக்கு வைத்திருந்தான். கெயினை உறுமும் வரை ஏற்றி, ஒரு மயிரிழை இறக்கியிருந்தான். ஜுன்ஜுன் அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். துடைப்பங்களை மேடையிலிருந்து கீழே வீசிவிட்டுக் குச்சிகளை எடுத்தான். ரமில் வாயைத் திறந்து பாடினான். எல்லோரும் எழுந்து ஆடினார்கள். நீங்களும் ஆடினீர்கள், கேப்டன், தவறாகச் சொல்லவில்லை.

நானாய் செலிங் மேடைக்கு முன்னால் ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கினார்.

"எம் பொண்ணு வந்துட்டா. கேக்குதா? எம் பொண்ணு வந்துட்டா" என்றார்.

அது உண்மைதான். அது அப்படியே அவளுடைய ஒலி. ஒரு வேறுபாடும் இல்லை. நான் ஓராண்டு தூரிகையால் தூசி தட்டிக் காப்பாற்றிய இடத்தில் அவள் இல்லை. டிரைசைக்கிள் ஓட்டுகிற ஒருவன் ஐந்து திருகுகளைத் திருப்பியதும் வந்துவிட்டாள். எல்லோருக்கும் வந்தாள்.

கோபம் வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த ஓராண்டில் எனக்கு எதுவும் வந்ததில்லை.

பழைய அமெரிக்க ஆம்ப் அது. பிளக்கில் இரண்டே முனை. எந்தப் பக்கமும் செருகலாம். ஒரு பக்கம் செருகினால் ஒன்றுமில்லை. மறுபக்கம் செருகினால் அதன் உடம்பில் மின்சாரம் கசியும். கிட்டார்த் தந்தியில் கை இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் மின்சாரம் கடிக்கும். அதனால் டாலிசாய் ஒவ்வோர் இடத்திலும் பாட்டுக்கு முன் புறங்கையால் மைக்கைத் தொட்டுப் பார்ப்பாள். அவளுக்குப் பிறகு அது என் வேலை. அன்றும் நான் பார்த்தேன். சரியாகத்தான் செருகியிருந்தேன்.

பாட்டின் நடுவில் அதைக் கழற்றித் திருப்பிச் செருகினேன்.

யாருக்கும் தெரியவில்லை. கழற்றிய உடனே ஒலி போய்விடவில்லை. வால்வு ஆம்ப் அப்படித்தான், உள்ளே இருப்பு இருக்கும் வரை பாடும். அதற்குள் நான் செருகிவிட்டேன். நெஸ்டர் பல்லவிக்குச் சேர்ந்து பாட மைக் அருகே குனிந்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

உதடு மைக்கில் பட்டதும் அவன் பின்னால் விழுவான் என்று நினைத்தேன். முன்னால் விழுந்தான். பன்றியின் மேல் விழுந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வகையில் உங்கள் வீட்டுப் பன்றிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இடக்கை மட்டும் மேசை விளிம்பில் மாட்டியது. மூன்று விரல்கள் இனி மடங்காது என்று மருத்துவர் சொன்னாராம். டிரைசைக்கிள் ஓட்டலாமாம். தந்தியை அழுத்த முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. கூட்டத்தில் யாரோ "டாலிசாய்" என்று கத்தினார்கள். சொன்ன சொல்லை மீறியதற்கு அவள் தண்டித்துவிட்டாள் என்று பன்றி ஆறுவதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது. நான் மறுக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. ஆம்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருகுகளைப் பழைய இடத்தில் வைத்தேன்.

நெஸ்டர் கட்டுப்போட்ட கையோடு வந்தான். அவன் மனைவி ஒரு தட்டு பான்சிட் கொண்டுவந்தாள். சாவு வீட்டுக்குக் கொண்டுபோவது போல் அந்த நூடுல்ஸை ஆம்புக்கு முன்னால் வைத்தார்கள்.

"தப்புப் பண்ணிட்டேன், ஆத்தே. வயித்துல இருக்கிற புள்ளய ஒண்ணும் செஞ்சிராதீங்க" என்று அக்காவிடம் பேசுவது போல் ஆம்பைப் பார்த்துச் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். "மன்னிச்சிருவாங்களா, கூயா?"

"மன்னிச்சிருவா" என்றேன். அவர்கள் போன பிறகு பான்சிட்டைத் தின்றேன். நன்றாக இருந்தது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் இப்போது குழந்தைகள் என் வீட்டுப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நானாய் செலிங் மகளின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். அவள் ஆங்காரம் அடங்க ஆம்பை அவளோடு புதைக்க வேண்டும் என்கிறார். அதனால்தான் வந்தேன். யாரையும் அவள் எதுவும் செய்ததில்லை. திருப்பிச் செருகியது நான். இதைப் படித்துக்காட்டி அவள் பெயரைத் துடைத்துவிடுங்கள், ஆம்பை என் வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். நான் ஜெயிலுக்குப் போனால் தூசி மட்டும் யாராவது தட்ட வேண்டும். தூரிகை சன்னல் கட்டையில் இருக்கிறது.

நெஸ்டருக்காகவா வந்தாய் என்று கேட்டீர்கள். அவனுக்காகவும்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பேனாவை ஏன் கீழே வைக்கிறீர்கள், கேப்டன்?

"எஃப்ரன், என்னப் பாத்துச் சொல்லு. பாட்டுக்குப் பாட்டு திருகுறவ, தொடாதேன்னா சொல்லியிருப்பா?"

சொல்லியிருப்பாள். நேரம் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் சொல்ல வந்தது அதுதான் என்று எனக்குத் தெரியும். கணவனுக்குத்தான் தெரியும் என்று பாதிரியாரே சொல்லியிருக்கிறார்.

"சொல்லியிருப்பா வேண்டாம். சொன்னது என்ன?"

அரசு மருத்துவமனை. கட்டிலுக்கு இரண்டு பேர் கிடந்தார்கள். வார்டுக்கு ஒரே ஒரு மின்விசிறி, என் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், அசையவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தது. ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்று இன்னும் நெருங்கிக் குனிந்தேன்.

"தள்ளி உக்காரு, எஃப்ரன். காத்தை மறைக்கிற."